சரிதான் அக்காவின் காது

கடைக்குள் நுழைந்ததும் அக்கா விளக்கைப் போடமாட்டார். இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு போய், பின்பக்கச் சன்னலில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனைத் தட்டிவிடுவார். அதன் இறக்கைகளில் ஒன்று வளைந்திருக்கிறது. சுற்றும்போது தொண்டை கட்டிய ஆள் ஒருவர் சண்டைக்கு வருகிற மாதிரி ஒரு கரகரப்பு. அது கிளம்பிய பிறகுதான் தோளில் தொங்கும் பை கீழே இறங்கும், விளக்கு எரியும், கண்ணாடிகள் துடைக்கப்படும். வேறு வேலையாக வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் நல்ல மனதோடு அந்த இறக்கையை நிமிர்த்த ஏணியில் ஏறினார். ஏறிய வேகத்திலேயே இறக்கப்பட்டார். "அது பாட்டுக்குக் கத்தட்டும், விடுங்க. அது கத்தினாத்தான் நான் கத்தாம இருப்பேன்."

அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு பக்கம் சலவைக் கடையும் மறுபக்கம் சாவி போட்டுத் தருகிறவரும் நெருக்க, நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்கள் பார்லர் அது. உள்ளே மூன்று நாற்காலிகள். அவற்றில் ஒன்றுக்குப் பிடிமானம் போய்விட்டது. உட்கார்ந்தவர் பேசப் பேச அது தன்னால் கீழே இறங்கிக்கொண்டே போகும். நீளமாகக் கதை சொல்கிறவர்களைப் பார்த்துத்தான் அதில் உட்கார வைக்கிறார் என்று வாடிக்கைக்காரர்களிடையே ஒரு சந்தேகம் உண்டு. அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. குள்ளமான உருவம், நகக்கண்ணில் எந்த சோப்புக்கும் மசியாத சாயக் கறை. ஊரார் தலையையெல்லாம் ஒழுங்குபடுத்திய அவருடைய தலை மட்டும் பல வருடங்களாக ஒற்றைக் கிளிப்பின் தயவில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

அவரை எல்லோரும் 'சரிதான் அக்கா' என்றே கூப்பிடுகிறார்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருகிற பதில் அது ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் அவர் ஒரு அகராதியையே அடக்கி வைத்திருந்தார். "சரிதா...ன்" என்று இழுத்து, தாடையைத் தொங்கவிட்டால் அனுதாபம். "சரிதான்!" என்று வெட்டினால், உங்களுக்காக அவர் கோபப்படுகிறார். "சரிதான் போங்க" என்றால் கிண்டல். மூச்சை விட்டபடி "ம்... சரிதான்" என்றால், மனுஷ ஜென்மமே இப்படித்தான், விடுங்கள். கண்ணாடியில் தெரிகிற முகத்தைப் பார்த்து எதைப் போடலாம் என்று முடிவு செய்வார். வீட்டுக்காரரின் முரட்டுத்தனம், மாமியாரின் முழங்கால், மேலதிகாரியின் ஓரவஞ்சனை என்று எல்லாமே இந்த நான்கில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

அந்தக் கடையிலிருந்து ஒரு ரகசியம்கூடக் கசிந்ததில்லை என்பது இன்னொரு பெருமை. "அக்காகிட்ட சொன்னா லாக்கர்ல வச்ச மாதிரி" என்பார் பேங்க் மேடம். வங்கியில் கவுன்ட்டரில் உட்காரும் அவருக்கு லாக்கரைப் பற்றித் தெரியாமல் இருக்குமா? முடியின் வேர்ப்பக்கம் வெள்ளை எட்டிப் பார்த்ததும் மாதாமாதம் ஓடிவந்துவிடுகிற வாடிக்கைக்காரர் அவர்.

லாக்கர் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒன்றுமே போகவில்லை.

முப்பது வருடமாகக் காதோரத்தில் ஹேர் டிரையரைப் பிடித்தபடி நின்றவர் அக்கா. சன்னமான ஓசைகள் முதலில் போயின. பிறகு, பேச்சில் மெய்யெழுத்தெல்லாம் கழன்று விழ, உயிரெழுத்து மட்டும் வந்து சேர்ந்தது. ஆ, ஓ, ஏ என்று வருவதை வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிகிற உதட்டசைவையும் சேர்த்து ஒரு மாதிரி ஒப்பேற்றுவார். தலையை அலசுகிற தொட்டியில் மல்லாந்துகொண்டோ, துண்டால் முகத்தை மூடிக்கொண்டோ யாராவது பேசினால் சுத்தம். அப்போதெல்லாம் கைகொடுத்தது அந்த ஒற்றைச் சொல்தான்.

காது மந்தமானதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படியே ஓட்டியிருப்பார், நாத்தனார் வந்து சேராமல் இருந்திருந்தால்.

நாத்தனார் என்றால் அவர் காதுக்குள் கேட்கிற சத்தம். ஆள் ஓய்ந்த ஒரு மத்தியானத்தில், 'ஈஈஈ' என்று மெல்லிசாக, நிற்காமல் கேட்கத் தொடங்கியது. டியூப் லைட்டின் வேலை என்று நினைத்து அதன் சோக்கை மாற்றினார். போகவில்லை. லைட்டையே மாற்றினார். வீட்டுக்குப் போனால் அங்கேயும் கேட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவர் பொறுமைசாலி. ஃப்ரிட்ஜ், டிவி, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, "இப்ப?" "இப்பவும் கேக்குது" என்று வீடு முழுக்கச் சுற்றி வந்தார். கடைசியில் மெயினையே அணைத்தார். இருட்டில் இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க நின்றார்கள். "எல்லாத்தையும் நிறுத்தினப்புறமும் கேட்டுச்சு. அப்பதான் புரிஞ்சுது, அந்த மெயின் சுவிட்ச் என் தலைக்குள்ள இருக்குன்னு."

நாத்தனார் என்று பெயர் வைத்ததில் கணவருக்கு மட்டும் வருத்தம். "என் தங்கச்சி உன்னை என்னம்மா பண்ணினா?" என்று கேட்டார். "அவளைச் சொல்லலைங்க. இது பொதுவா. வர்றப்ப சொல்லிட்டு வராது, வந்தா கிளம்பாது, எல்லாரும் பேசி முடிச்சு உட்காரும்போதுதான் இது பேச ஆரம்பிக்கும்." கணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிதான்" என்றார். அந்தச் சொல் ஒட்டுவாரொட்டி.

சத்தமே இல்லாத இடம்தான் நாத்தனாருக்குச் சிம்மாசனம் என்று அக்கா சீக்கிரமே கண்டுகொண்டார். அதனால்தான் ஃபேன். அதனால்தான் குளியலறையில் மூடாத குழாய், எந்த நிலையமும் பிடிக்காமல் இரைகிற ரேடியோ. ஆனால் படுக்கையில் தலை சாய்த்ததும் வந்துவிடுவாள். தூக்கம் போய், அக்காவின் கை தடுமாற ஆரம்பித்தது. ஒரு முன்நெற்றி முடி ஏணிப்படி மாதிரி வெட்டுப்பட்ட அன்றைக்குத்தான் கணவர் அவரை வேனில் ஏற்றிக் காது கிளினிக்குக்குக் கொண்டுபோனார்.

அக்கா பயந்தது காதுக்காக இல்லை, கடைக்காக. அடுத்த தெருவில் ஏ.சி.யும் பாட்டுமாக ஒரு புது பார்லர் வந்திருந்தது. "முடி வெட்டிக்கவா எங்கிட்ட வர்றாங்க? மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டுப் போக வர்றாங்க. இவளுக்குக் காதே கேக்கலைன்னு தெரிஞ்சா, ஏ.சி.யில உட்கார்ந்து கொட்டிக்குவாங்க." வழி முழுவதும் இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் காதைச் சோதித்த பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். எடுத்த எடுப்பில் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். கடைக்கு வருகிற எழுபது வயதுக்காரருக்கும் அக்காவாக இருக்கிறவருக்கு அது சுருக்கென்று தைத்தது. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள். அக்கா அமுக்கினார். மறுபடி அமுக்கினார். விடாமல் அமுக்கினார். கதவு திறந்தது.

"ஆன்ட்டி, நான் இன்னும் சத்தமே போடலை."

"அப்ப அது நாத்தனாரா இருக்கும்மா."

அந்தப் பெண் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பொறுமையாகச் சொன்னாள்: "வெளிச்சத்தம் உள்ள வரலைன்னா மூளை சும்மா இருக்காது ஆன்ட்டி, வாலியூமை ஏத்திக்கிட்டே போகும். மெஷின் போட்டு வெளிச்சத்தத்தை உள்ள விட்டா, நிறைய பேருக்கு இந்தச் சத்தம் பின்னால போயிடும். காலி பண்ணாது. ஆனா பின்னால போயிடும். அதுக்கு மாசக்கணக்கா ஆகும், அவசரப்படாதீங்க." இரண்டு காதுக்கும் இரண்டு மெஷின். தலைமாட்டில் வைத்துக்கொள்ள, மழை, ஓடை, கடலலை, மின்விசிறி என்று விதவிதமாக இரைகிற ஒரு சின்னப் பெட்டி.

அந்தப் பெட்டியோடு ஒத்துப்போகப் பட்ட பாடு தனி. மழைச் சத்தம் கேட்டால் மாடியில் காயப்போட்ட துணி ஞாபகம் வந்து எழுந்துவிடுவார். ஓடைச் சத்தம் கேட்டால் அடிக்கடி பாத்ரூமுக்குப் போகவேண்டி வந்தது. கடலலை கணவருக்கு ஆகவில்லை, குமட்டுகிறது என்றார். கடைசியில் மின்விசிறியில் போய் நின்றது. அதிலும், நாத்தனாரை அமுக்கியே தீருவது என்று ஒலியை உச்சத்துக்கு ஏற்றிவிட, கணவர் தலையணையோடு வேறு அறைக்குக் குடிபெயர்ந்தார். கிளினிக் பெண் போனிலேயே கண்டித்தாள். "அமுக்கக்கூடாது ஆன்ட்டி. அந்தச் சத்தமும் கேக்கணும், இதுவும் கேக்கணும். இது கொஞ்சம் கம்மியா இருக்கணும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்து பழகட்டும்." அக்கா பெருமூச்சு விட்டார். "நாத்தனாரோட ஒத்துப்போன்னு சொல்றே. நிஜ நாத்தனாருக்கே யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லைம்மா."

காதில் மெஷின் தெரியக்கூடாதே! அதனால் பல வருடங்களுக்குப் பிறகு அக்கா தன் தலையில் கத்தரி வைத்தார். கிளிப் போயிற்று. இரண்டு பக்கமும் காதை மூடி, தாடை வரை வளைந்து விழுகிற ஒரு வெட்டு. மறுநாள் கடைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "என்னக்கா, வீட்டுல ஏதாவது விசேஷமா?" என்று ஆரம்பித்து, "எனக்கும் அதே மாதிரி" என்று முடித்தார்கள். அந்த மாதத்தில் கட்டடத்தின் பாதிப் பெண்கள் காது மறைந்து திரிந்தார்கள்.

மெஷினோடு கடைக்கு வந்த முதல் நாள் கத்தரியின் சத்தத்துக்கே திடுக்கிட்டார். துண்டை உதறினால் அறைந்த மாதிரி, அலுமினியத் தாளை மடித்தால் கூரை இடிந்த மாதிரி. வீட்டுக்குப் போனால் கணவர் சாப்பிடுகிற ஓசை. "இத்தனை வருஷமா நீங்க இப்படியா மெல்லுவீங்க?" என்று கேட்டதில், அந்த மனிதர் பாதிச் சாப்பாட்டில் நிறுத்திவிட்டார். சில நாட்களில் எல்லாம் மட்டுப்பட்டது. நாத்தனாரும். "இருக்கா. ஆனா கூடத்துல உட்கார்ந்திருந்தவ உள்ளறைக்குப் போயிட்டா. நானா போய்ப் பார்த்தாத்தான் உண்டு."

வாடிக்கைக்காரர்கள் பேசியதும் முதன்முதலாக முழுதாகக் காதில் விழுந்தது. அக்காவுக்கு அதிர்ச்சி. "இதையா இவ்வளவு காலமா சொல்லிட்டு இருந்தாங்க? ஒருத்தி அரை மணி நேரம் திரைச்சீலை வாங்கின கதையைச் சொல்றா!" கேட்டுத் தொலைத்துவிட்டதால் வாயும் சும்மா இருக்க மறுத்தது. "எதுக்கு?" என்றார். "அதுல அவங்க தப்பு என்ன இருக்கு?" என்றார். "அக்கா முன்ன மாதிரி இல்லை. குறுக்குக் கேள்வி கேக்கறாங்க" என்று சலவைக் கடை வரை பேச்சுப் பரவியது. உஷாராகி, மறுபடி அந்தப் பழைய சொல்லுக்கே திரும்பினார். கேட்காதபோது சுலபமாக வந்த சொல், கேட்ட பிறகு தொண்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் பேங்க் மேடம் வந்து உட்கார்ந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. அக்கா கையுறை மாட்டி, பிரஷ்ஷால் வகிடு வகிடாக டை தடவிக்கொண்டிருந்தார். பாதித் தலை முடிந்திருக்கும். பிரஷ் நின்றது. காதில் ஏதோ உறுமல். நாத்தனார் மறுபடி கூடத்துக்கு வந்துவிட்டாளா? தலையைச் சாய்த்துக் கவனித்தார். இல்லை, அவள் மூச்சு விடாமல் பேசுகிறவள். இது விட்டு விட்டு வந்தது. டிரேயில் கிடந்த துண்டைத் தூக்கினார். அடியில் மேடத்தின் போன் துடித்துக்கொண்டிருந்தது.

"உங்க போன்தான் மேடம்."

"அடிக்கட்டும்க்கா. எங்க பெரியவதான். என்கூடப் பொறந்தவ. ஊருக்கு வந்திருக்கா. நாளைக்குக் கிளம்பிப் போய் கடல் தாண்டி மகன் வீட்டோட தங்கிடப் போறாளாம். போறதுக்கு முன்னாடி என்னைப் பாக்கணுமாம்." மேடம் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தார். "நான் எடுக்கலையே! நீங்க சொன்னதை நான் மீறுவேனா?"

"நான் என்ன சொன்னேன்?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? ரெண்டு வருஷம் முன்னாடி, இதே நாற்காலி. செத்தாலும் இனிமே அவகிட்ட பேசமாட்டேன், சரிதானேன்னு அழுதுகிட்டே கேட்டேன். சரிதான்னு நறுக்குனு சொன்னீங்க. எங்க வீட்டுக்காரர், மாமியார், பையன் எல்லாரும் பேசிடு பேசிடுன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் என் பக்கம் நின்னீங்க. அதுக்கப்புறம் எத்தனை தடவை கேட்டிருக்கேன்! ஒரு தடவையாவது மாத்திச் சொன்னீங்களா?"

அக்கா நினைவைக் குடைந்தார். துண்டுக்குள் புதைந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. குலுங்கிய தோளும் வந்தது. கண்ணில் ஷாம்பு போயிருக்கும் என்று அன்றைக்கு நினைத்திருந்தார்.

இப்போதும் ஒரு 'சரிதான்' போதும். மிச்சத் தலையை முடித்துவிடலாம், லாக்கரைச் சாத்திவிடலாம், அடுத்த மாதமும் மேடம் இங்கேயே வருவார். சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடுத்த தெரு ஏ.சி.யும் கூடவே வந்து நின்றது. டிரேயில் போன் மறுபடி உறுமியது. எடுக்க ஆளில்லாமல் அடங்கியது.

அக்கா முழங்கையால் தன் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினார். "இங்க பாருங்க மேடம்."

"என்னது? புது மாடல் கம்மலா?"

"காது மெஷின். அன்னைக்கு இது இல்லை. நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கலை."

மேடம் சிரித்தார். அக்கா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"விளையாடாதீங்க. அப்ப எங்க மாமியார் விஷயம்?"

"தெரியாது."

"எங்க வீட்டுக்காரர் வேலையை விட்டுடறேன்னு நின்னாரே, அது?"

"தெரியாது."

"பையன் லவ் பண்றான்னு சொன்னேனே!"

"லவ்வுன்னு ஏதோ விழுந்துச்சு. சீரியல் கதை சொல்றீங்கன்னு நெனைச்சேன்."

"அடக் கடவுளே! அப்ப நான் இத்தனை வருஷமா சுவத்துகிட்டயா பேசிட்டு இருந்தேன்?"

"சுவர்னா பரவாயில்லையே மேடம். நான் தலையை வேற ஆட்டியிருக்கேன்."

மேடம் விருட்டென்று எழுந்தார். பையை எடுத்தார். வாசல் வரைக்கும் போனார். ஆனால் பாதித் தலையில் டையோடு எந்த மனுஷியாலும் தெருவில் இறங்க முடியாது. திரும்பி வந்து பொத்தென்று உட்கார்ந்தார். பிடிமானம் போன அந்த நாற்காலி, நேரம் காலம் தெரியாமல், அவரை மெல்லக் கீழே இறக்கியது. இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்தது. இரண்டு பேருமே அடக்கிக்கொண்டார்கள்.

அக்கா மிச்ச வகிடுகளை முடித்தார். பிளாஸ்டிக் தொப்பியை மாட்டினார். பிறகு நாற்காலியைத் தன் பக்கமாகத் திருப்பிவிட்டு, எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்பச் சொல்லுங்க. அவங்க அப்படி என்ன பண்ணினாங்க?"

"இப்பக் கேக்குதா?"

"இப்ப நல்லாவே கேக்குது."

மேடம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். கூடப் பிறந்த அந்தப் பெரியவள் வீட்டு விசேஷம், சபை நிறைய சொந்தக்காரர்கள். யாரோ ஒருவர், தங்கச்சி உன்னைவிட எவ்வளவு இளமையாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். "அதுக்கு அவ, 'இளமையா? எல்லாம் பாட்டிலைத் திறந்தா வர்ற இளமை'ன்னு சொல்லிச் சிரிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

இப்படி வாய்விட்டுச் சொல்லும்போது, அந்தக் கதை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று மேடமே எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

"மேடம், அந்த பாட்டிலைத் திறந்தது நான். மாசா மாசம் திறக்கறேன். ரோஷம் வரணும்னா எனக்கில்ல வரணும்?"

இந்தத் தடவை மேடத்தால் அடக்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, அது எங்கேயோ வழிமாறி, கொஞ்ச நேரம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அக்கா அவர் கைக்குள் ஒரு துண்டைத் திணித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடம் கேட்டார்:

"உங்களுக்குக் கேக்காதுன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரருக்கு. இப்ப உங்களுக்கு."

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்க்கா. லாக்கர்ல வச்ச மாதிரி." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். "ஆனா திருப்பி முதல்லேருந்து எல்லாத்தையும் சொல்லுவேன். மாமியார் விஷயத்துலேருந்து. நீங்க கேட்டே ஆகணும்."

போன் மறுபடி உறுமியது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"இத்தனை நாள் கழிச்சு எடுத்து என்னக்கா பேசறது? இப்ப எடுக்கிறது சரிதானா?"

அக்கா கையுறைகளைக் கழற்றிப் போட்டார். ஒரு துண்டுப் பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார். பிளாஸ்டிக் தொப்பியின் ஓரத்தைத் தூக்கி, மேடத்தின் காது மடலில் வழிந்திருந்த டையை, மேலிருந்து கீழாக, போன் வைக்கிற அளவுக்கு மெல்லத் துடைத்துவிட்டார்.